திருத்திய பெயர் ஏன் திரும்பி வந்தது?

மருத்துவ ஆவணப் பிரிவிலிருந்து

“நேற்றுதானே திருத்தினீர்கள், சார்? இன்றும் அதே பழைய பெயர்தான் வந்திருக்கிறது.”

ஒரு நாள் காலை எட்டு மணிக்கு எங்கள் பிரிவின் முகப்பில் ஒரு மகள் வந்து நின்று இப்படிக் கேட்டார். தம் தாயாரின் இரத்த மாதிரிக் குப்பியில் ஒட்டுவதற்கென அச்சிடப்பட்ட சிறு சீட்டு அவர் கையில் இருந்தது. அவர் சொன்னது உண்மை. முந்தைய நாள் மாலை அவர் கண்ணெதிரிலேயே தாயாரின் பெயரையும் பிறந்த ஆண்டையும் திருத்தி, கணினித் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டியவர்கள் நாங்கள்தாம். இரவு கடந்து பொழுது விடிந்தபோது பழைய பெயரும் பழைய ஆண்டும் மீண்டும் அங்கே அமர்ந்திருந்தன. யாரும் அவற்றை மறுபடி தட்டச்சு செய்யவில்லை.

எழுத்துப் பிழைதானே என்று தோன்றலாம். அந்தத் தாயாரைப் பொறுத்தவரை அது எழுத்துப் பிழையோடு நிற்கவில்லை. குடும்பத்தாரின் இசைவோடும், அடையாளம் புலப்படாதவாறு சில விவரங்களை மாற்றியும், நடந்ததை இங்கே எழுதுகிறோம். பெயர் ‘லட்சுமி’ என்று முடியும் என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை.

அந்த அம்மாள் பல ஆண்டுகளாக நம் சர்க்கரை நோய்ப் புறநோயாளிப் பிரிவுக்கு வருபவர். முன்பொரு முறை பென்சிலின் வகை மருந்து கொடுத்தபோது உடலெங்கும் தடித்து, மூச்சுத் திணறியதால், ‘பென்சிலின் ஒவ்வாமை’ என்று அவருடைய பதிவில் சிவப்பு எழுத்தில் குறிக்கப்பட்டிருந்தது. காலில் புண் சீழ் வைத்து, கடுங்காய்ச்சலோடு ஒரு நள்ளிரவில் அவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். மகள் வெளியூரில் இருந்தார். ஓ.பி. சீட்டு கையில் இல்லை. வந்தவர் பெயரைச் சொன்னார். தலைப்பெழுத்தாகக் கணவருடைய எழுத்தைச் சொன்னார். வயது “எழுபது இருக்கும்” என்றார். பழைய பதிவிலோ தந்தையின் தலைப்பெழுத்து இருந்தது. ஆங்கில எழுத்துக்கூட்டலும் வேறு. பிறந்த ஆண்டும் நான்கு ஆண்டுகள் தள்ளி இருந்தது. பதிவு ஊழியர் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. உயிர் காக்கும் வேலை பதிவெண்ணுக்காகக் காத்திருக்கலாகாது. புதிய எண் ஒன்றைப் போட்டுச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். அது சரியான முடிவே. ஆனால் அந்தக் கணத்தில் ஒரே மனிதர் எங்கள் கணினியில் இருவர் ஆகிவிட்டார். ஒருவருக்கு ஒவ்வாமை உண்டு. மற்றவருக்கு அப்படி எதுவும் எழுதப்படவில்லை.

மறுநாள் காலை ஊர் திரும்பிய மகள், ஊசி மருந்தோடு வந்த செவிலியரிடம் அது என்ன மருந்து என்று கேட்டார். பதில் வந்ததும், “சிஸ்டர், அம்மாவுக்குப் பென்சிலின் ஆகாதே! இங்கேதானே எழுதி வைத்தார்கள்?” என்றார். செவிலியர் ஊசியை அப்படியே தட்டில் வைத்துவிட்டு மருத்துவரை அழைத்தார். மருந்து மாற்றப்பட்டது. அன்று மாலைதான் இரண்டு பதிவுகளையும் இணைத்து, பெயரையும் பிறந்த ஆண்டையும் நாங்கள் திருத்தினோம். அந்தத் திருத்தம் ஓர் இரவுகூடத் தாங்கவில்லை என்பதைத்தான் மறுநாள் காலை அவர் கொண்டுவந்த சீட்டு காட்டியது.

ஒரு பெயருக்கு எத்தனை படிகள்

மருத்துவமனையில் ஒரே ஒரு பெரிய கணினி இருப்பதாகவும், அதில் ஓரிடத்தில் திருத்தினால் எங்கும் திருந்திவிடும் என்றும் பலர் எண்ணுகிறார்கள். அப்படி இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். பதிவு முகப்புக்கு ஒரு மென்பொருள், ஆய்வகத்துக்கு ஒன்று, எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் பிரிவுக்கு ஒன்று, மருந்தகத்துக்கு, இரத்த வங்கிக்கு, கட்டணப் பிரிவுக்கு, காப்பீட்டு முகப்புக்கு என்று தனித்தனியே இருக்கின்றன. இவை வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தயாரிப்பாளர்களிடமிருந்து வாங்கப்பட்டவை. ஒவ்வொன்றும் உங்கள் பெயர், பிறந்த நாள், பாலினம், பதிவெண் ஆகியவற்றின் ஒரு படியைத் தனக்கென வைத்திருக்கிறது.

வீடு மாறியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குடும்ப அட்டையில் முகவரி மாற்றினால் எரிவாயு இணைப்பில் அது தானாக மாறிவிடுவதில்லை. வங்கிக் கணக்கில் மாறுவதில்லை. வாக்காளர் அட்டைக்கு மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும். மருத்துவமனைக்குள் அந்த அலைச்சலை நோயாளியின் தலையில் கட்ட முடியாது. ஆகவே, ஓரிடத்தில் நேர்ந்த மாற்றத்தை மற்ற எல்லா இடங்களுக்கும் கணினிகளே தமக்குள் சொல்லிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்திருக்கிறோம். இதற்குத் தரவு ஒத்திசைவு என்று பெயர்.

இப்படிச் சொல்லிக்கொள்வதற்கு உலகெங்கும் மருத்துவமனைகள் பெரும்பாலும் கையாளும் பொது மொழி ஒன்று உண்டு. 1987-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட எச்.எல்.7 என்னும் அமைப்பு வகுத்த செய்தி முறை அது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் அதில் ஓர் எண் உண்டு. புதிய புறநோயாளி பதிவானால் ஏ-04. உள்நோயாளியாகச் சேர்ந்தால் ஏ-01. வேறு வார்டுக்கு மாறினால் ஏ-02. வீடு திரும்பினால் ஏ-03. பெயரோ பிறந்த நாளோ திருத்தப்பட்டால் ஏ-08. இரு பதிவுகள் ஒன்றாக இணைக்கப்பட்டால் ஏ-40. பதிவு முகப்பில் ஒரு விசை அழுத்தப்பட்டதும் இந்தச் செய்தி ஆய்வகத்துக்கும் மருந்தகத்துக்கும் பிற இடங்களுக்கும் புறப்படுகிறது. பெற்றுக்கொண்ட கணினி, ‘ஏற்றேன்’ அல்லது ‘ஏற்க இயலவில்லை’ என்று பதில் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் செய்தி வரிசையில் காத்திருக்கும். வரிசை குலையவும் கூடாது. ‘இவரைப் பதிவு செய்க’ என்ற செய்திக்கு முன்னரே ‘இவரை அவரோடு இணைக்க’ என்ற செய்தி போய்ச் சேர்ந்தால், இல்லாத ஒருவரை எப்படி இணைப்பது என்று அந்தக் கணினி கைவிரித்துவிடும்.

அம்பு எந்தப் பக்கம் போகிறது

செய்தி போவதும் வருவதும் தொழில்நுட்பம் சார்ந்த வேலை. அதைவிடக் கடினமானது, எந்தக் கணினியின் சொல்லுக்கு எந்த விஷயத்தில் மதிப்பு என்று முன்கூட்டியே முடிவு செய்வது. பெயருக்கும் பிறந்த நாளுக்கும் பதிவு முகப்பே உரியது. ஆய்வு முடிவுக்கு ஆய்வகம் உரியது. ஒவ்வாமைக் குறிப்பை எழுதவும் நீக்கவும் மருத்துவருக்கும் செவிலியருக்குமே அதிகாரம். கட்டணப் பிரிவு தொலைபேசி எண்ணைப் பார்க்கலாம், மாற்றக் கூடாது. இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உரிமையாளர் இருக்க வேண்டும். அந்த உரிமையாளரிடமிருந்து மற்றவர்களை நோக்கி மட்டுமே அம்பு போக வேண்டும். இரு பக்கமும் அம்பு போட்டால், யார் கடைசியாகப் பேசினாரோ அவர் சொல்லே நிலைத்துவிடும்.

அந்தத் தாயாரின் பதிவில் நடந்தது அதுதான். காப்பீட்டு முகப்பின் மென்பொருளை நிறுவியபோது, காப்பீட்டு அட்டையில் உள்ள பெயரை ஊழியர்கள் இருமுறை தட்டச்சு செய்ய வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில், பெயர்க் கட்டத்துக்கு இரு பக்க அம்பை அமைத்துவிட்டோம். சேர்க்கை நடந்த இரவில் பதிவான பெயரையும் வயதையும் கொண்டு காப்பீட்டு முன் அனுமதிக்கான விண்ணப்பம் போய்விட்டது. விண்ணப்பம் போன பிறகு அந்த மென்பொருள் பெயரைப் பூட்டிவிடும். மாலையில் நாங்கள் அனுப்பிய திருத்தச் செய்தியை அது ஏற்கவில்லை. ‘ஏற்க இயலவில்லை’ என்று முறைப்படி பதிலும் அனுப்பியிருந்தது. அந்தப் பதில் விழுந்த பட்டியலை அன்று பார்ப்பதற்கு யாரும் பணிக்கப்பட்டிருக்கவில்லை. நள்ளிரவு தாண்டியதும், தன்னிடம் பூட்டிவைத்த பழைய பெயரையும் ஆண்டையும் அது வழக்கம்போல் பதிவேட்டுக்கு அனுப்பியது. பதிவேடு அதை ஏற்று, ஆய்வகத்துக்கும் மருந்தகத்துக்கும் இரத்த வங்கிக்கும் ‘பெயர் மாறியிருக்கிறது’ என்று உண்மையோடு அறிவித்தது. எல்லாக் கணினிகளும் தமக்குச் சொல்லப்பட்டபடியே நடந்தன. சொன்னது நாங்கள், பிழையும் எங்களுடையதே.

இப்போது பெயருக்கான அம்பு பதிவேட்டிலிருந்து வெளியே மட்டுமே போகிறது. காப்பீட்டு அட்டையில் உள்ள பெயருக்குத் தனிக் கட்டம் ஒன்று வைத்திருக்கிறோம். அட்டைப் பெயரும் மருத்துவப் பதிவின் பெயரும் வேறுபட்டால் இரண்டும் அருகருகே தெரியும், ஒன்றை ஒன்று அழிக்காது. மறுக்கப்பட்ட செய்திகளின் பட்டியலை நாள்தோறும் காலையில் ஒருவர் பார்த்துக் கையொப்பமிடுகிறார். அந்த இரு பக்க அம்பு அதற்கு முன் வேறு யார் யாருடைய பெயரை மாற்றியிருந்தது என்பதையும் தேடி எடுத்துச் சரிசெய்தோம்.

வெற்றுக் கட்டம் பற்றியும் ஒரு சொல். ஒரு செய்தியில் தொலைபேசி எண்ணுக்கான இடம் காலியாக வந்தால், ‘எண் இல்லை, இருப்பதை அழித்துவிடு’ என்று பொருளா, ‘எண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, இருப்பது இருக்கட்டும்’ என்று பொருளா? எச்.எல்.7 முறையில் இவ்விரண்டும் வெவ்வேறு. காலி இடம் என்றால் தொடாதே. அழிக்க வேண்டுமானால் இரட்டை மேற்கோள் குறி இரண்டைத் தொடர்ந்து இட்டு அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்த நுணுக்கத்தை மதிக்காத மென்பொருள் ஒன்று சங்கிலியில் புகுந்துவிட்டால், ஊழியர் நிரப்பாமல் விட்ட ஒவ்வொரு கட்டமும் மற்ற இடங்களில் இருந்த நல்ல தகவலை அழித்துக்கொண்டே போகும். புதிய மென்பொருள் எதையும் இணைப்பதற்கு முன் நாங்கள் முதலில் சோதித்துப் பார்ப்பது இதைத்தான். சோதனைக்கு உண்மையான நோயாளியின் பதிவை ஒருபோதும் பயன்படுத்துவதில்லை.

தலைப்பெழுத்தும் கணினியும்

நம் பெயர்களுக்கும் இந்தக் கணினி முறைகளுக்கும் இடையே ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. எச்.எல்.7 முறையும், 1993 முதல் டைகாம் என்ற பெயரால் வழங்கும் ஸ்கேன் படங்களுக்கான முறையும், ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பப் பெயர் இருக்கும் என்று கருதி அதற்குத் தனிக் கட்டம் வகுத்திருக்கின்றன. நமக்குத் தலைப்பெழுத்துதான் உண்டு. ‘கே. முருகன்’ என்பவரின் குடும்பப் பெயர் எது? ஒரு மென்பொருள் ‘கே’ என்பதை அந்தக் கட்டத்தில் இடும். மற்றொன்று ‘முருகன்’ என்பதை இடும். மூன்றாவது, தலைப்பெழுத்தை விரித்து ‘முருகன் கந்தசாமி’ என்று கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதும். மூன்றும் ஒருவரே. பார்க்கும் மனிதருக்கு இது ஒரு நொடியில் விளங்கும், கணினிக்கு விளங்காது. பெண்களுக்குத் திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்து சில ஆவணங்களில் மாறி, சிலவற்றில் மாறாமல் நிற்பது இதற்கு மேல் ஒரு சிக்கல்.

ஆங்கிலத்தில் எழுதும்போது வேறுபாடு இன்னும் பெருகுகிறது. ‘லட்சுமி’ என்பதை ‘எக்ஸ்’ எழுத்தை வைத்து எழுதுவோரும், ‘கே, எஸ், ஹெச்’ என்ற மூன்றெழுத்தை வைத்து எழுதுவோரும் உண்டு. ‘சண்முகம்’ சிலருக்கு ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும், சிலருக்கு ‘சி’யில். ஒலியை வைத்துப் பெயர் தேடும் முறை ஒன்று 1918-லேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. சவுண்டெக்ஸ் என்பது அதன் பெயர். பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்து வரும் மெய்யொலிகளை மூன்று எண்களாகச் சுருக்கும் முறை அது. ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்யப்பட்டதால், முதல் எழுத்து மாறினாலே அது தடுமாறும். நம் ‘ழ’கரத்தை ஒருவர் ‘இசட், ஹெச்’ என்றும் மற்றவர் ‘எல்’ என்றும் எழுதினால், ‘எழிலரசி’ இருவேறு எண்களைப் பெற்று இருவேறு மனிதர் ஆகிவிடுவார். இந்த அனுபவத்தால், பெயரைத் தமிழிலும் ஒரு கட்டத்தில் எழுதி வைக்கத் தொடங்கினோம். தமிழில் கேட்டு எழுதும்போது பிழை குறைகிறது என்பது எங்கள் பதிவு ஊழியர்கள் ஒருமித்துச் சொல்லும் கருத்து.

பிறந்த நாளிலும் ஒரு பொறி இருக்கிறது. நாள் தெரியாமல் வயதை மட்டும் சொன்னால், ஆண்டைக் கணக்கிட்டு, நாளையும் மாதத்தையும் ஜனவரி 1 என்று தாமே நிரப்பிக்கொள்ளும் மென்பொருள்கள் பல. சில ஆதார் அட்டைகளிலும் பிறந்த ஆண்டு மட்டுமே அச்சாகியிருக்கும். ஆகவே முதியோர் பலர் எங்கள் பதிவேட்டில் ஒரே நாளில் பிறந்தவர்களாக இருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை பிறந்த நாளை அடையாளமாகக் கொள்வதில் பாதிப் பயன் போய்விடுகிறது.

இணைப்பதில் ஏன் தயங்குகிறோம்

“இரண்டும் என் அம்மாதான் என்று நானே சொல்கிறேனே, உடனே சேர்த்துவிடக் கூடாதா?” என்று அந்த மகள் கேட்டார். நியாயமான கேள்வி. ஆயினும் பழைய சீட்டு, ஆதார் அட்டை, முந்தைய மருந்துச் சீட்டு ஆகியவற்றைப் பார்த்து, இருவர் தனித்தனியே சரிபார்த்த பிறகே இணைத்தோம்.

சிதறிக் கிடக்கும் பதிவுகளுள் எவை ஒருவருக்குரியவை என்று கண்டறியும் கலைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க அரசின் பிறப்பு இறப்புப் புள்ளிவிவர அலுவலகத் தலைவராக இருந்த ஹால்பர்ட் டன், 1946-இல் எழுதிய கட்டுரையில், பிறப்பில் தொடங்கி இறப்பில் முடியும் ஒரு புத்தகம் ஒவ்வொருவருக்கும் உண்டு என்றும், அதன் பக்கங்கள் பல அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன என்றும் உருவகித்து, அவற்றைச் சேர்த்துக் கட்டும் பணிக்குப் பதிவு இணைப்பு என்று பெயரிட்டார். அந்தப் பணிக்குக் கணித அடிப்படை தந்தவர்கள் கனடாவின் புள்ளிவிவரத் துறையில் பணியாற்றிய ஐவன் ஃபெலெகியும் ஆலன் சன்டரும், ஆண்டு 1969. ஒத்துப்போகும் ஒவ்வொரு விவரத்துக்கும் அதன் அருமைக்கேற்ப மதிப்பெண் கொடுக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அரிய பெயர் ஒத்தால் மதிப்பெண் மிகுதி. ஊருக்குப் பத்துப் பேர் வைத்திருக்கும் பெயர் ஒத்தால் குறைவு. கூட்டுத்தொகை மிக உயர்ந்தால் ஒருவரே. மிகத் தாழ்ந்தால் இருவர். நடுவில் விழுவோரை மனிதர்தாம் பார்க்க வேண்டும் என்று அவர்கள் தனியே ஒதுக்கினார்கள். இன்றைய மென்பொருள்களும் ஏறத்தாழ இதையே செய்கின்றன. அந்த நடுப் பட்டியல்தான் நாள்தோறும் எங்கள் மேசைக்கு வருகிறது.

ஒரே மனிதருக்கு இரண்டு பதிவுகள் இருப்பது தீமை. இரண்டு மனிதர்களை ஒரே பதிவில் கலந்துவிடுவது அதனினும் பெருந்தீமை. அண்ணனுடைய இரத்த வகை தம்பியின் பக்கத்தில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இரட்டைப் பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் ஒன்று, தலைப்பெழுத்து ஒன்று, முகவரி ஒன்று, பெற்றோரின் தொலைபேசி எண்ணும் ஒன்றே. பெயரிலும் ஓரெழுத்துதான் வேறுபடும். பிறந்தவுடன் பெயர் வைக்காத நிலையில், தாயின் பெயரோடு ‘குழந்தை ஒன்று’, ‘குழந்தை இரண்டு’ என்றுதான் அவர்களைப் பதிகிறோம். மதிப்பெண் முறையை மட்டும் நம்பினால் அவர்கள் ஒரே குழந்தை ஆகிவிடுவார்கள். பிரிந்திருப்பதைச் சேர்க்க ஒரு விசை போதும். கலந்ததைப் பிரிப்பதற்கு ஒவ்வொரு ஆய்வு முடிவையும், ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் எடுத்து இது யாருடையது என்று கேட்டுக்கேட்டுப் பிரிக்க வேண்டும். எனவே தானாக இணைக்கும் அமைப்பை நாங்கள் நிறுத்தி வைத்திருக்கிறோம். இதனால் சிலருக்கு ஒரு நாள் தாமதம் ஆகிறது. அந்தத் தாமதத்தை அறிந்தே ஏற்றிருக்கிறோம்.

இணைத்த பின் ஓர் எண் நிலைக்கும். மற்ற எண் அழிக்கப்படாமல் நிலைத்த எண்ணைச் சுட்டிக்காட்டும். பழைய சீட்டோடு வந்தாலும் சரியான பதிவே திறக்கும்.

ஒத்திசைவு எட்டாத இடங்கள்

கணினிகள் ஒத்துப் பேசிவிட்டாலும் சில இடங்களில் பழைய பெயர் நிற்கும். ஸ்கேன் எடுக்கும்போது நோயாளியின் பெயர் படக்கோப்பின் உள்ளேயே எழுதப்படுகிறது. அன்றைய பட்டியலை இயந்திரம் பெற்றுக்கொண்ட பிறகு பெயரைத் திருத்தினால், படம் பழைய பெயரோடுதான் பதிவாகும். படக் காப்பகத்தில் அதைத் தனியே திருத்த வேண்டும். உங்கள் கையில் ஏற்கெனவே கொடுத்த குறுந்தகட்டையும் அச்சிட்ட அறிக்கையையும் எங்களால் எட்டித் திருத்த இயலாது. அவற்றைக் கொண்டுவந்தால் திருத்தம் செய்யப்பட்டது என்ற குறிப்போடு புதிய பிரதி தருவோம். பேனாவால் அடித்து எழுதித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. அதைச் செய்ய மாட்டோம். அடித்து எழுதிய அறிக்கையைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காது. அடுத்து உங்களைப் பார்க்கும் மருத்துவரும் ஐயுறுவார்.

நம்முடைய பதிவெண்ணுக்கும் 14 இலக்கம் கொண்ட ஆபா எண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பலர் கேட்கிறார்கள். 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் கீழ் வழங்கப்படும் எண் அது. பெறுவதும் பெறாமலிருப்பதும் உங்கள் விருப்பம். அது நம் பதிவெண்ணுக்கு மாற்று அன்று. பல மருத்துவமனைகளில் உள்ள உங்கள் பதிவுகளை, உங்கள் இசைவோடு, ஒன்றுக்கொன்று காட்டுவதற்கான பாலம். ஆதார் வழியாக ஆபா எண்ணைப் பெற்றால், ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த நாளும் அதில் வந்துவிடும். ஆதாரிலேயே பிழை இருந்தால் அதை முதலில் அங்கே திருத்திவிட்டு வருவது நல்லது. இங்கே நாங்கள் திருத்தினாலும் அந்தப் பக்கம் மாறாது.

இதே ஒத்திசைவு எங்கள் ஊழியர்களுக்கும் உண்டு என்பதை இங்கே சொல்லிவிடலாம். ஒரு செவிலியர் குழந்தைகள் வார்டிலிருந்து அறுவை அரங்குக்கு மாறினால், பணியாளர் பதிவேட்டில் அந்த மாற்றம் பதிவானதும், பழைய வார்டு நோயாளிகளின் பதிவைத் திறக்கும் அனுமதி நீங்கிப் புதிய இடத்துக்குரிய அனுமதி வர வேண்டும். பணியிலிருந்து விலகியவரின் கணக்கு எல்லாக் கணினிகளிலும் அன்றே மூடப்பட வேண்டும். உங்கள் பதிவை யார் பார்க்கலாம் என்ற கேள்விக்கான விடை, பெரும்பாலும் இந்த ஒத்திசைவு ஒழுங்காக நடப்பதில்தான் இருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது

பெயரிலோ, பிறந்த நாளிலோ, தொலைபேசி எண்ணிலோ பிழை கண்டால், அதை எந்த இடத்தில் கண்டாலும், திருத்தத்துக்குப் பதிவு முகப்புக்கே வாருங்கள். ஆய்வகச் சீட்டில் கண்ட பிழையை ஆய்வக ஊழியரிடம் சொல்லித் திருத்தச் சொன்னால், அவர் இரக்கப்பட்டுத் தம் கணினியில் மட்டும் திருத்தக்கூடும். அடுத்த முறை பதிவேட்டிலிருந்து செய்தி வந்ததும் அது அழிந்துவிடும். ஆனால், மாதிரி எடுக்கும் நேரத்தில் சீட்டில் உள்ள பெயர் தவறாக இருந்தால், அதை அங்கேயே சொல்லி நிறுத்துங்கள். குறிப்பாக இரத்தம் ஏற்றுவதற்கான மாதிரி என்றால், குப்பியிலும் விண்ணப்பத்திலும் உள்ள விவரங்கள் வேறுபட்டால் இரத்த வங்கி அதை ஏற்காது. மீண்டும் ஊசி குத்தி எடுக்க நேரிடும்.

அடையாள ஆவணம் ஒன்றும், பழைய ஓ.பி. சீட்டு எத்தனை இருந்தாலும் அத்தனையும் கொண்டுவாருங்கள். முன்பு வேறு தலைப்பெழுத்தில் அல்லது வேறு எழுத்துக்கூட்டலில் பதிந்திருக்கலாம் என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். ‘இதற்கு முன் இங்கே வந்திருக்கிறீர்களா?’ என்ற எங்கள் கேள்வி சடங்குக்காகக் கேட்கப்படுவதன்று. தம்மைப் பற்றிய தரவில் உள்ள பிழையைத் திருத்தக் கோருவதை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே சலுகை கேட்பவர்போல் நிற்க வேண்டியதில்லை.

மருந்து கொடுக்கும் முன், இரத்தம் எடுக்கும் முன், ஸ்கேன் அறைக்குள் போகும் முன் என்று ஒவ்வொரு முறையும் பெயரையும் பிறந்த நாளையும் கேட்பது பலருக்குச் சலிப்பூட்டுகிறது. கையில் பட்டை இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்பார்கள். குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும், அறை எண் அவற்றுள் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது 2007-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட நோயாளிப் பாதுகாப்பு அறிவுரைகளுள் ஒன்று. “நீங்கள் இன்னார்தானே?” என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் இருப்பவர் ஆமென்று தலையசைத்துவிடுவார். அதனால்தான் பெயரை உங்கள் வாயால் சொல்லச் சொல்கிறோம். கைப்பட்டையில் அச்சாகியிருப்பதும் அதே கணினியிலிருந்து வந்த பெயரே; கணினி தவறினால் பட்டையும் அதனுடன் சேர்ந்து தவறும். நோயாளி சொல்ல இயலாத நிலையில் இருந்தால் உடனிருப்பவர் சொல்லலாம்.

ஒவ்வாமை உள்ளவர்கள், எந்த மருந்து, எந்த ஆண்டு, என்ன ஆயிற்று என்பதை ஒரு சிறு தாளில் எழுதிப் பணப்பையிலோ கைப்பேசி உறைக்குள்ளோ வைத்திருங்கள். அதன் படியொன்றைப் பக்கத்து வீட்டுக்காரரிடமும் கொடுத்து வையுங்கள். இந்த யோசனை எங்களுடையது அன்று. தாயாரை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நாளில், புதிய பதிவுச் சீட்டை வாங்கிப் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகு, அந்த மகள் எங்களிடம் சொல்லிவிட்டுப் போனது.